பைக்கில் டென்ட் கட்டிக்கொண்டு நோர்ட்காப் வரை: முதல் முறை கிளம்பும் இருவருக்கு

ஜூன் கடைசி வாரத்தில் ஸ்வீடனின் வடக்கே இரவு பதினொரு மணிக்கும் பைன் மரங்களின் உச்சியில் மஞ்சள் வெயில் கிடக்கும். அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் இப்போதுதான் சாயங்காலம் ஆகிறது என்று உடம்பு நம்பிவிடும். நானும் நண்பனும் முதல் தடவை ஜெர்மனியின் ஹாம்பர்க்கிலிருந்து, நார்வேயின் வடகோடியிலுள்ள பாறைமுனையான நோர்ட்காப்புக்குக் கிளம்பியபோது ஐந்தாம் நாளே இதில் மாட்டிக்கொண்டோம். “மச்சான், இன்னும் ஒரு நூறு கிலோமீட்டர் போயிடலாமே, வெளிச்சம்தான் இருக்கே” என்றான். சரி என்றேன். அந்த நூறு இன்னொரு நூறாகி, யோக்மோக் ஊரைத் தாண்டி ஒரு சரளைக்கல் ஒதுக்கத்தில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டரை. விரல்கள் மரத்திருந்தன, மத்தியானத்துக்கு அப்புறம் இருவரும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவன் ஊன்றிய கால் சரளையில் வழுக்க, பைக் நின்ற இடத்திலேயே மெதுவாகச் சாய்ந்து விழுந்து, கிளட்ச் லிவரின் நுனி உடைந்தது. வயிறும் உடம்பும் தெம்பாக இருந்திருந்தால் அந்தக் கால் நிச்சயம் தாங்கியிருக்கும்.

அதனால் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: வடக்கே சூரியனைப் பார்த்து நாளை முடிக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்கு இரண்டு பைக்கும் நின்றிருக்க வேண்டும். கீழே நான் சொல்லப்போகும் பாதை, மூட்டை, சமையல் எல்லாமே பாதிக்கு மேல் இந்த ஐந்து மணியைக் காப்பாற்றுவதற்குத்தான்.

முதலில் பாதையும் நாட்களும்

ஸ்வீடன் வழியாக ஏறி, நார்வே வழியாக இறங்குங்கள். பலர் நார்வேயின் மலைகளைப் பார்க்கும் அவசரத்தில் தலைகீழாகப் போகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. அட்லாண்டிக் காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதி நார்வே மலைகளில் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது, மலைக்கு இந்தப் பக்கம் ஸ்வீடனில் அவ்வளவு நனைய வேண்டியதில்லை. ஸ்வீடனின் ஈ-45 சாலை கோத்தன்பர்க்கில் தொடங்கி மூரா, ஓஸ்டர்சுண்ட், ஆர்விட்ஸ்யாவுர், யோக்மோக் வழியாக ஃபின்லாந்து எல்லையிலுள்ள கரேசுவாண்டோ வரை ஏறக்குறைய 1,700 கி.மீ. ஓடுகிறது. காடு, ஏரி, மறுபடியும் காடு. வளைவுகள் இதமானவை, போக்குவரத்து குறைவு. மூட்டை கட்டுவது, டென்ட் போடுவது, நண்பனின் வேகத்துக்குப் பழகுவது எல்லாவற்றையும் இந்தச் சுலபமான சாலையில் கற்றுக்கொண்டுவிட்டால், நார்வேயின் மழையும் கொண்டை ஊசி வளைவுகளும் வரும்போது கை தயாராக இருக்கும்.

ஜெர்மனியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு: புட்கார்டனிலிருந்து டென்மார்க்கின் ரோட்பிக்கு ஃபெரி 45 நிமிடம். அங்கிருந்து கோபன்ஹேகன், பிறகு 2000-ல் திறந்த ஓரேசுண்ட் பாலம், தாண்டினால் மால்மோ. பாலத்தில் பைக்குக்கும் கட்டணம் உண்டு. டென்மார்க்கைத் தவிர்க்க நினைத்தால் ரோஸ்டோக்கிலோ டிராவமுண்டேயிலோ ஏறி ஸ்வீடனின் டிரெல்லபோரியில் இறங்கலாம், இரவுக் கப்பலில் தூங்கிவிட்டால் ஒரு நாள் மிச்சம். கரேசுவாண்டோவுக்கு மேல் கௌத்தோகெய்னோ, அல்தா, ஓல்டர்ஃபியோர்ட் என்று போய், அங்கிருந்து ஈ-69 சாலையில் 129 கி.மீ. போனால் நோர்ட்காப்.

போய்வர மொத்தம் ஏழாயிரம் கிலோமீட்டருக்குக் குறையாது. மூன்று வாரம் வேண்டும். ஸ்வீடனில் ஒரு நாளைக்கு 400 கி.மீ. ஓட்டலாம். நார்வேயில் 250 போதும், ஏனென்றால் அங்கே ஊருக்கு வெளியே பொது வேக வரம்பே 80 தான், நடுவில் ஃபெரிகள் வேறு. ஐந்து நாளுக்கு ஒரு நாள் பைக்கைத் தொடாமல் இருங்கள். இரண்டு வாரம்தான் விடுப்பு என்றால் நோர்ட்காப்பை விட்டுவிடுங்கள். டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் துறைமுகத்திலிருந்து கிறிஸ்டியான்சாண்டுக்கு ஃபெரி மூன்றே கால் மணி நேரம், அங்கே இறங்கித் தென்மேற்கு நார்வேயை நிதானமாகச் சுற்றுவது, ஒரு போர்டு முன்னால் போட்டோ எடுப்பதற்காக நாள் முழுக்க ஓடுவதைவிட எவ்வளவோ மேல்.

எந்த மாதம்? நோர்ட்காப்பில் மே 14 முதல் ஜூலை 29 வரை சூரியன் மறைவதில்லை. அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஜூன், ஜூலை. ஆனால் ஜூன் கடைசி முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை இந்த நாடுகளின் வடபகுதியான லாப்லாந்தில் கொசுக் காலம். நம் ஊர்க் கொசுவோடு ஒப்பிட முடியாது, ஹெல்மெட்டைக் கழற்றிய ஐந்து விநாடியில் முகத்தில் அப்பிக்கொள்ளும். இரண்டாம் முறை நாங்கள் ஆகஸ்ட் நடுவில் போனோம். கொசு அடங்கியிருந்தது, இரவு கொஞ்சம் இருட்டியது, தூக்கம் ஒழுங்காக வந்தது. இப்போது யார் கேட்டாலும் ஆகஸ்ட் என்றுதான் சொல்கிறேன்.

பைக்கைத் தயார் செய்வது

பெரிய அட்வெஞ்சர் பைக் வேண்டியதில்லை. இந்தப் பாதை முழுக்கத் தார்ச்சாலை. உங்களுக்குப் பழகிய பைக், ஒரு டேங்குக்கு 250 கி.மீ. ஓடினால் போதும். டயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நார்வேயின் தார் பொறபொறவென்று இருக்கும், டயரைத் தின்றுவிடும். பாதி தேய்ந்த டயரோடு போனால் வடக்கே ஏதோ ஒரு சின்ன ஊரில் சரியான அளவு கிடைக்காமல் காத்திருக்க நேரும். பிரேக் பேடையும் அப்படியே, பாதிக்குக் கீழே இருந்தால் கிளம்புமுன் மாற்றிவிடுங்கள். மூட்டை ஏற்றிய பிறகு டயர் காற்றழுத்தத்தைக் கையேட்டில் சுமையோடு ஓட்டக் குறித்திருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள், பின் ஸ்பிரிங்கையும் இறுக்குங்கள்.

செயின் பைக் என்றால் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் ஓட்டினால் அன்றன்று மாலையே செயினுக்கு எண்ணெய். சென்டர் ஸ்டாண்டு இல்லாத பைக்குக்கு இருவர் இருப்பது பெரிய வசதி: ஒருவர் பைக்கை ஒரு அடி ஒரு அடியாக முன்னே உருட்ட, மற்றவர் உட்கார்ந்து அடிக்கலாம். இஞ்சின் ஓடும்போது செயினில் கை வைக்கவே கூடாது.

டியூப்லெஸ் டயருக்கு ஒட்டுத்திரி செட், பேட்டரியில் ஓடும் சின்ன காற்றுப் பம்ப், பைக்குக்கு வேண்டிய ஸ்பேனர்கள், ஒரு மாற்று கிளட்ச் லிவர், இன்சுலேஷன் டேப், நைலான் கட்டுகள். அப்புறம் உள்ளங்கை அளவு ஒரு தகடு. கேம்ப்பிங் புல்லில் மழை பெய்தால் சைடு ஸ்டாண்டு இரவோடு இரவாக மண்ணில் இறங்கும். காலையில் டென்ட்டைத் திறந்தால் பைக் உங்கள் பக்கம் சாய்ந்து நிற்பதைப் பார்ப்பது நல்ல விஷயமல்ல. தகட்டில் ஒரு துளை போட்டு நூல் கட்டி, நூலின் மறுமுனையை ஹேண்டில்பாரில் மாட்டிவிடுங்கள், கிளம்பும்போது எடுக்க மறக்காது.

எல்லாம் கட்டிய பிறகு வீட்டிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் ஒரு கேம்ப்பிங்கில் ஒரு இரவு தங்கி வாருங்கள். மறந்தது, தேவையில்லாதது, ஓட்டை இருப்பது மூன்றும் அந்த ஒரு இரவில் தெரிந்துவிடும்.

மூட்டை

கனமானவை கீழே, இஞ்சினுக்குப் பக்கத்தில். கருவிகள், டப்பா உணவு, தண்ணீர் எல்லாம் பக்கப் பைகளின் அடியில். ஸ்லீப்பிங் பேக், துணி போன்ற இலேசானவை மேலே, பின்னால். இரண்டு பக்கமும் எடை ஒரே மாதிரி இருக்கட்டும். வாய்ப்பகுதியைச் சுருட்டி மூடும் ரப்பர் பைகள்தான் நம்பகமானவை, மழை உறை போட்ட துணிப் பைகள் இரண்டாம் நாளிலேயே நனையும்.

மழையில் நின்றுகொண்டு எது முதலில் கையில் வர வேண்டுமோ, அது காலையில் கடைசியாக உள்ளே போக வேண்டும். டென்ட், முளைகள், அடியில் விரிக்கும் ஷீட் மூன்றும் ஒரே பையில், எல்லாவற்றுக்கும் மேலே. மழைக்கோட்டு பைக்குள் போகவே கூடாது, பட்டியில் செருகி வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

துணி மூன்று செட் போதும். ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸையும் ஒரு உள்பனியனையும் தூங்குவதற்கு மட்டும் என்று ஒதுக்கி, தனியாகக் கட்டி வையுங்கள், என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கூடாது. நாள் முழுக்க நனைந்த பிறகு காய்ந்த சாக்ஸுக்குள் கால் போகும் அந்த நிமிடம்தான் மறுநாள் ஓட்டத் தெம்பு தரும். கிளவுஸ் இரண்டு ஜோடி. சூடாகும் கைப்பிடி உங்கள் பைக்கில் இல்லையென்றால் மாட்டிக்கொள்ளுங்கள், ஜூலையிலும் தேவைப்படும்.

நண்பனோடு முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியவை

நல்ல நட்புகூட மூன்று வாரம் ஈரத்தில் உரசினால் புண்ணாகும். கிளம்புமுன் ஒரு மாலை உட்கார்ந்து இவற்றைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

யார் முன்னால் போவது? நிதானமாக ஓட்டுகிறவர்தான். வேகமானவர் முன்னால் போனால் பின்னால் வருகிறவர் எட்டிப்பிடிக்கத் தன் சக்திக்கு மீறி வளைவில் இறங்குவார், விபத்துகள் அங்கேதான். திருப்பம் வந்தால் முன்னால் போனவர் பின்னால் வருகிறவரின் விளக்கு கண்ணாடியில் தெரியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் இண்டர்காம் வேலை செய்யாத நாளிலும் ஒருவரை ஒருவர் தொலைக்க மாட்டீர்கள்.

பணம்: பெட்ரோல் அவரவருடையது. கேம்ப்பிங், சாப்பாடு, ஃபெரி மூன்றுக்கும் ஒரு பொதுக் கணக்கு. ஸ்வீடன், நார்வே, டென்மார்க் மூன்றிலும் தனித்தனி குரோனா, ஃபின்லாந்தில் யூரோ. கார்டு எங்கும் செல்லும். ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் பின் நம்பர் கேட்கும் என்பதால் அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

அடுப்பு ஒன்று, கருவிப்பெட்டி ஒன்று, முதலுதவிப் பை ஒன்று என்று பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் டென்ட் ஆளுக்கொன்று. எடை கூடும், இருந்தாலும் நான் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன். குறட்டை, ஈரத் துணி, ஒருவர் சீக்கிரம் எழுவது, மற்றவர் தாமதமாகப் படுப்பது எல்லாமே தனி டென்ட்டில் பிரச்சினையே இல்லை. எங்கள் முதல் பயணத்தில் ஒரே டென்ட்டில் இருந்தோம், பத்தாம் நாள் காரணமே இல்லாமல் ஒரு கரண்டிக்காகச் சண்டை போட்டோம். இரண்டாம் பயணத்தில் தனித்தனி டென்ட், அதோடு வாரத்தில் அரை நாள் ஆளுக்கொரு வழியில் தனியாக ஓட்டி மாலையில் சேர்வது என்று வைத்துக்கொண்டோம். அந்த மாலைகளில்தான் அதிகம் பேசினோம், ஆளுக்கொரு கதை இருந்ததே.

‘இன்றைக்குப் போதும்’ என்று இருவரில் யார் சொன்னாலும் மற்றவர் கேள்வி கேட்காமல் நிறுத்த வேண்டும் என்பதையும் கிளம்புமுன்பே ஒப்புக்கொள்ளுங்கள்.

எங்கே டென்ட் போடலாம், எங்கே கூடாது

ஸ்வீடன், நார்வே, ஃபின்லாந்து மூன்றிலும் பிறர் நிலத்திலும் நடந்து போகவும் ஓரிரவு கூடாரம் போட்டுத் தங்கவும் எல்லாருக்கும் உரிமை உண்டு. ஸ்வீடனில் அதன் பெயர் அல்லமான்ஸ்ரெட்டன். நார்வேயில் 1957-ம் ஆண்டின் திறந்தவெளிச் சட்டமே இதைச் சொல்கிறது: குடியிருக்கும் வீட்டிலிருந்தும் கேபினிலிருந்தும் குறைந்தது 150 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், ஆளரவமில்லாத மலைப்பகுதி தவிர ஒரே இடத்தில் அனுமதியின்றி இரண்டு இரவுக்கு மேல் கூடாது, பயிர் நிலத்தில் கூடாது.

பைக்காரர்கள் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. அந்த உரிமை உங்கள் கால்களுக்குத்தான், சக்கரங்களுக்கு இல்லை. சாலையை விட்டு காட்டுக்குள்ளோ ஏரிக்கரைப் புல்லிலோ பைக்கை ஏற்றுவது இந்த நாடுகளில் சட்டவிரோதம். வடக்கின் பாசித் தரையில் ஒரு டயர் தடம் பட்டால் ஆறப் பல வருஷம் ஆகும். பைக்கை நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் நிறுத்துங்கள், டென்ட்டைத் தூக்கிக்கொண்டு நடந்து போங்கள். காட்டுப் பாதை தொடங்கும் இடங்களிலுள்ள சிறு பார்க்கிங்குகள் இதற்கு நல்லவை.

டென்மார்க்கில் இந்த உரிமை கிடையாது, அனுமதிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம். அதற்கென்றே எளிய கூடார இடங்களும் மூன்று பக்கம் மூடிய மரக் கொட்டகைகளும் நிறைய வைத்திருக்கிறார்கள். ஃபின்லாந்தில் லாவு என்கிற மரச்சாய்ப்புகள் உண்டு, முன்னால் நெருப்பு மூட்டும் இடத்தோடு.

நெருப்பு விஷயத்தில் கவனம். நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டத் தடை, ஃபின்லாந்தில் நிலத்துக்காரர் அனுமதி வேண்டும், ஸ்வீடனில் வறண்ட கோடையில் பகுதி பகுதியாகத் தடை போடுவார்கள். அடுப்பில் சமையுங்கள், அது போதும்.

என் கணக்கு இது: இரண்டு இரவு காட்டில், மூன்றாம் இரவு கேம்ப்பிங்கில். குளியல், துணி துவைப்பு, போன் சார்ஜ் எல்லாம் அன்றைக்கு. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் மட்டும் எல்லா இரவும் கேம்ப்பிங்கிலேயே தங்குங்கள், அங்கே கோடைக்கூட்டம் மிதித்து மிதித்துக் கடற்கரைப் புல் தேய்ந்துவிட்டது, ஊர்க்காரர்கள் சோர்ந்துபோயிருக்கிறார்கள். இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் கேம்ப்பிங்குகளில் கிடைக்கும் ஹித்தே எனும் மரக்குடிலை எடுத்துவிடுங்கள். உள்ளே ஹீட்டர் இருக்கும். இரண்டு கட்டில், ஒரு மேசை, கயிறு கட்டித் தொங்கவிட்ட ஈர ஜாக்கெட்டுகளிலிருந்து ஆவி கிளம்ப, ஜன்னல் கண்ணாடி முழுக்கப் பனித்துப்போகும். இருவருக்கும் பங்கு போட்டால் விலையும் தாங்கும்.

ஐந்து மணிக்கு மேல்

நாங்கள் செய்வது இப்படி. மூன்று மணிக்கு ஒரு நிறுத்தம், காபி, இரவு தங்க வாய்ப்புள்ள இரண்டு இடங்களை வரைபடத்தில் பார்த்துக்கொள்வோம், ஒன்று சரிப்படாவிட்டால் மற்றது. ‘Yr’ என்கிற நார்வே வானிலை ஆப்பில் மணிவாரியாக மழை பார்ப்போம், ஸ்வீடனுக்கும் ஃபின்லாந்துக்கும் அதுவே காட்டும். நான்கு மணிக்குக் கடையில் அன்றைய சாப்பாடு, கூடவே பெட்ரோல். வடக்கே அடுத்த பங்க் 100 கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம், ஆகவே பாதி டேங்க் ஆனதும் நிரப்புவது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை நார்வேயில் பெரிய கடைகள் மூடிக் கிடக்கும் என்பதால் சனிக்கிழமையே இரண்டு நாள் சாமான் வாங்கிவிட வேண்டும்.

இடத்துக்கு வந்ததும் முதல் வேலை டென்ட். தண்ணீர் தேங்காத, கொஞ்சம் மேடான இடம். கொசு இருந்தால் காற்று வீசும் ஏரிக்கரை முனை நல்லது, மரங்களுக்கு உள்ளே வேண்டாம். டென்ட்டின் தாழ்ந்த முனை காற்று வரும் திசைக்கு. வெளி உறையோடு சேர்ந்தே எழும் டென்ட் வாங்குங்கள், அப்போதுதான் மழையில் போட்டாலும் உள்ளறை நனையாது. நார்வே கடற்கரையில் ஒரு சாண் மண்ணுக்குக் கீழே பாறை, முளை இறங்காது, கயிற்றைப் பெரிய கல்லில் சுற்றிக் கட்டக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஜூலையிலும் இரவு ஐந்து டிகிரிக்கு இறங்கும். சௌகரிய வெப்பநிலை பூஜ்யம் டிகிரி என்று எழுதியிருக்கும் ஸ்லீப்பிங் பேக் வாங்குங்கள், கடைசி எல்லை என்று எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். குளிர் மேலேயிருந்து வருவதைவிடக் கீழேயிருந்துதான் அதிகம் வரும், காற்றடைத்த மெத்தையின் ஆர் மதிப்பு (குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் எண்) மூன்றுக்கு மேல் இருக்கட்டும். கண்ணுக்குக் கட்டும் துணி கட்டாயம். அது இல்லாமல் இரவு இரண்டு மணி வெயிலில் தூங்க முடியாது.

சமையலுக்கு, மரைபோட்டுப் பொருத்தும் காஸ் டப்பா எல்லா நாட்டிலும் கிடைக்கும். பியூட்டேன் மட்டும் உள்ள டப்பா குளிரில் எரியாது, பூஜ்யத்தை நெருங்கினாலே அது ஆவியாவது நின்றுவிடும், புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். காற்றடிக்கும் இடத்தில் எனக்குப் பிடித்தது ஸ்வீடனின் டிராங்கியா ஸ்பிரிட் அடுப்பு, மெதுவாகத்தான் கொதிக்கும், ஆனால் பழுதாவதற்கு அதில் ஒன்றுமே இல்லை. வீட்டிலிருந்து ரசப்பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் அவல் கொண்டுபோனோம். அரிசியை ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, மூடி, சட்டியோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் சுற்றி வைத்துவிட்டால் இருபது நிமிடத்தில் தானே வெந்திருக்கும், எரிபொருள் பாதி மிச்சம். சுற்றுமுன் சட்டியை ஒரு துண்டில் இறுக்கிக் கட்ட மறக்க வேண்டாம். சாப்பாட்டை டென்ட்டுக்குள் வைத்துத் தூங்காதீர்கள், உள்ளே அடுப்பும் மூட்டாதீர்கள், கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும்.

சாலையில்

கலைமான்கள் பற்றிப் படித்திருப்பீர்கள், நேரில் பார்த்தால் வேறு. அவை பயந்து ஓடாது. நடுச்சாலையில் நின்று உங்களைப் பார்க்கும், திடீரென்று நீங்கள் போகும் திசையிலேயே ஓட ஆரம்பிக்கும். ஒன்றைப் பார்த்தால் பின்னால் பத்து வரும் என்று நினைத்து வேகத்தைக் குறையுங்கள், ஹாரன் அடிக்க வேண்டாம், காத்திருங்கள். ஸ்வீடன் வடக்கில் சாலையோரக் கம்புகளில் கறுப்பு பிளாஸ்டிக் பை கட்டியிருந்தால் அந்தப் பக்கம் கலைமான் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். மேய்ப்பவர்கள் கட்டுவது. குதிரை உயரத்துக்கு நிற்கும் மூஸ் மானோ அந்தி நேரத்தில் காட்டிலிருந்து நேராகச் சாலைக்கு வரும். ஐந்து மணி விதிக்கு இதுவும் ஒரு காரணம். மானை மோதிவிட்டால் விட்டுவிட்டுப் போகக் கூடாது, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். அவசரத்துக்கு நான்கு நாட்டிலும் 112.

நார்வே சுரங்கப்பாதைகளுக்குத் தயாராக இருங்கள். வெளியே வெயில், உள்ளே இருட்டும் குளிரும் ஈரமும். நுழையும்முன் ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடியை மேலே தள்ளி, முன்வைசரை ஒரு விரலளவு திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் பனிபடர்ந்து ஒன்றும் தெரியாது. நோர்ட்காப்புக்குப் போகும் கடலடிச் சுரங்கம் 6.9 கி.மீ., கடல் மட்டத்துக்குக் கீழே 212 மீட்டர் வரை இறங்கி ஏறுகிறது. 1999-ல் திறந்தது, 2012 முதல் கட்டணம் இல்லை. பாதியில் குளிர் எலும்புக்குள் போகும், உள்ளே போகும்முன்பே ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொள்ளுங்கள். லேர்டால் சுரங்கம் 24.5 கி.மீ., உலகிலேயே நீளமான சாலைச் சுரங்கம். தூக்கம் வராமலிருக்க நடுவே மூன்று இடங்களில் குகைபோல அகலப்படுத்தி நீல வெளிச்சம் போட்டிருக்கிறார்கள்.

ஃபெரியில் ஏறும்போது ஈரமான இரும்புத் தளம் வழுக்கும், கால் ஊன்றத் தயாராக, பிரேக்கை மெல்லப் பிடித்துப் போங்கள். சைடு ஸ்டாண்டு போட்டு, முதல் கியரில் விட்டு, நீண்ட கடல்வழி என்றால் பைக்கைக் கட்டும் பெல்ட்டை சீட்டின் மேலே குறுக்காகப் போட்டு இறுக்குங்கள். சீட்டுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் கிளவுஸை வைத்தால் சீட் கிழியாது.

வேகம் பற்றி ஒரே வரி: நார்வேயில் அபராதம் ஆயிரக்கணக்கான குரோனரில் போகும், 80 என்றால் 80. ரத்தத்தில் மது அளவின் வரம்பும் நார்வேயிலும் ஸ்வீடனிலும் ஆயிரத்துக்கு 0.2 தான், முந்தின இரவு குடித்ததுகூட காலையில் காட்டும். நார்வேயின் சாலைச் சுங்கத்தில் பைக்குக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை. முகப்பு விளக்கு பகலிலும் எரிய வேண்டும்.

நோர்ட்காப்பும் திரும்பும் வழியும்

பாறை விளிம்பு 307 மீட்டர் உயரம். பனிமூட்டம் இருந்தால் கையை நீட்டினால் கை தெரியாது, அன்றைக்கு ஏமாந்து திரும்பாதீர்கள், ஹோனிங்ஸ்வோக் பக்கம் ஒரு கேம்ப்பிங்கில் தங்கி மறுநாள் ஏறுங்கள். காற்று பயங்கரம், பார்க்கிங்கில் பைக்கின் முகத்தைக் காற்றுக்கு எதிராக நிறுத்துங்கள், பக்கவாட்டில் அடித்தால் சாய்த்துவிடும். நேரமிருந்தால் பக்கத்துக் க்நிவ்ஷெல்லோடன் முனைக்கு நடந்து போய்வாருங்கள், போகவர 18 கி.மீ., உண்மையில் நோர்ட்காப்பைவிட அதுதான் கொஞ்சம் கூட வடக்கே இருக்கிறது, கூட்டமும் கிடையாது.

இந்தக் கரையோர ஊர்களைத் தாண்டும்போது எனக்கு ஒரு நினைப்பு வரும். 1980-களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் பலர் நார்வேயின் வடகோடிப் பகுதியான இந்த ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் நின்று வேலை செய்தவர்கள். இரண்டு மாதம் சூரியனே எட்டிப்பார்க்காத குளிர்காலங்களையும் பார்த்தவர்கள். கோடையில் மூன்று நாள் தங்கிப்போகிற நமக்கு அந்த ஊர்களின் மேல் கொஞ்சம் மரியாதை கூடுவது நல்லதுதான்.

இறங்கும் வழியில் திரொம்சோ, பிறகு லோஃபோட்டன் தீவுகளை ஈ-10 சாலையில் கடைசி ஊரான ஓ வரை. மோஸ்கெனெஸிலிருந்து கப்பலில் பூடோ, அங்கிருந்து கடற்கரையோரமாகவே ஃபெரி ஃபெரியாக ஏறி இறங்கும் 17-ம் எண் சாலை. எனக்கு முழுப் பயணத்திலும் பிடித்தது அதுதான், அவசரப்படவே முடியாத சாலை. தெற்கே சோக்னேஃபியெல் கணவாய் 1,434 மீட்டர், ஆகஸ்டிலும் சாலையோரம் பனித்திட்டு இருக்கும். மலைச் சாலைகள் பாறைச் சரிவால் திடீரென்று மூடப்படுவதுண்டு, ஆகவே அன்றன்று காலை நார்வே சாலைத்துறையின் இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அல்லது 175-க்குப் போன் செய்து கேளுங்கள்.

கடைசி நாள் எப்படியும் மழையில் டென்ட்டைச் சுருட்டியிருப்பீர்கள். வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, அதை வெளியே எடுத்து பால்கனியில் விரித்துப் போடுங்கள். வெளி உறை ஒரு பக்கம், உள்ளறை ஒரு பக்கம். இரண்டு நாள் ஈரத்தோடு பையில் கிடந்தால் பூஞ்சை பிடித்து நாறும், எவ்வளவு தேய்த்தாலும் போகாது. முளைகளிலிருக்கும் மண்ணைக் கழுவித் துடைத்து எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு இரண்டு தடவையும் ஒன்று குறைந்தது.